லயமும் லாயமும்

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு, தான் விட்ட பிழைகளைப் பற்றிச் சொல்ல நிறையவே இருக்கும். பெரும்பாலானவை மறுநாட் காலையிலேயே மறந்துபோகும். ஒருசில மட்டும் ஆயுள் முழுவதும் கூடவே வரும். என்னோடு வந்துகொண்டிருப்பது ஒரேயொரு துணைக்கால்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் இரவுக் கடமையில் இருந்தேன். எங்கள் மாத்தளை நிருபர் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் லயம் ஒன்று தீப்பற்றி, பன்னிரண்டு காம்பராக்களும் எரிந்துபோயின என்பது செய்தி. கேட்டு எழுதியவர் "லயத்தில் தீ" என்று சரியாகவே எழுதியிருந்தார். மலைநாட்டுக்கு வெளியே பிறந்து, இலக்கணத் தமிழ் படித்துவிட்டோம் என்ற செருக்கோடு மேசையில் இருந்த நான், "லயம் என்பது இசையில் வருவதல்லவா?" என்று எண்ணிச் சிவப்பு மையால் ஒரு துணைக்காலைச் சேர்த்துவிட்டேன். மறுநாள் பத்திரிகையில் "லாயத்தில் தீ: பன்னிரண்டு குடும்பங்கள் நிர்க்கதி" என்று வந்தது. குதிரை லாயத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் எப்படி இருந்தன என்று அந்தத் தலைப்பைப் போட்ட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து மாத்தளையிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அந்தப் பகுதித் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் லயத்தைத் தாங்கள் லாயம் ஆக்கிவிட்டீர்கள், அதற்காகத் திருத்தம் வெளியிட வேண்டாம், எங்கள் தோட்டத்தில் இரண்டுமே இருக்கின்றன, ஒருமுறை வந்து பார்த்துவிட்டு எது எதுவென்று தாங்களே எழுதுங்கள் என்பது அதன் சாரம். கோபம் இல்லாத கடிதம். அதனாலேயே அடுத்த மாதம் நான் புறப்பட்டுப் போனேன்.

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டைக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து மேலே நடக்க வேண்டும். வழியில் கொக்கோ, மிளகு, இறப்பர் என்று பயிர்கள் மாறி மாறி வரும். ஏறஏறத் தேயிலையும், அதற்கப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகில் மூடிய முகடுகளும் தெரியும். தோட்டத்தின் பெயர் இங்கு அவசியமில்லை. அந்தச் சரிவில் எந்தத் தோட்டத்தின் பெயரைப் போட்டாலும் கதை பெரிதாக மாறப்போவதில்லை.

ஆசிரியர் முதலில் என்னை அழைத்துச் சென்றது லாயத்துக்கு. தோட்டத்துரையின் பங்களாவுக்குப் பின்புறம், சமையற்கட்டுக்கு அப்பால், கருங்கல்லில் கட்டிய ஒரு நீண்ட கட்டடம். குதிரைகளுக்கென நான்கு அறைகள். ஓரத்தில் சேணமும் தீவனமும் வைக்க ஓர் அறை. குதிரை தலையை வெளியே நீட்டுவதற்காக, மேற்பாதி தனியாகத் திறக்கக்கூடிய இரட்டைக் கதவுகள். உயரமான கூரை. அதன் முகட்டில் வெப்பக்காற்று வெளியேறத் திறப்பு. பின்சுவரில் ஆளுயரத்துக்கு மேலே காற்றுத் துவாரங்கள். நீர் தேங்காதபடி சரிவாகப் பாவிய தரை. நடுவே ஒரு வடிகால். மோட்டார் கார் வந்த பிறகு இரண்டு அறைகளின் நடுச்சுவரை இடித்து அதைக் கராஜ் ஆக்கியிருந்தார்கள். நான் போன காலத்தில் மற்ற இரண்டு அறைகளிலும் பங்களாவின் முன்னாள் சாரதி குடும்பத்தோடு இருந்தார்.

"குதிரைக்குக் கட்டினதுங்கய்யா, காத்து நல்லா வரும்" என்றார் அவருடைய மனைவி. லயத்துக்குத் திரும்பிப் போக அவருக்கு விருப்பமில்லை.

பிறகு லயத்துக்குப் போனோம். எரிந்த லயத்தின் கருகிய சுவர்களின் மேல் புதிய தகரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதை ஒட்டி எரியாத லயம் ஒன்று இருந்தது. ஒரே கூரையின் கீழ் நீளமாகப் பன்னிரண்டு காம்பராக்கள். முன்னால் ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. அதன் ஒரு மூலையில் அடுப்பு. ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு கதவு. பின்சுவரில் யன்னல் இல்லை. கூரையின் முகடு தாழ்வு. காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரைவரை எழும்பாமல் இடையிலேயே நின்றுவிட்டன. ஒரு வீட்டில் புகைந்தால் மூன்று வீட்டில் இருமுவார்கள். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் கடைசி வீட்டில் தூக்கம் கலையும். இதுவாவது ஒற்றை லயம். முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசையாகக் கட்டப்பட்ட இரட்டை லயங்களில் பின்சுவரே பொதுச்சுவர். அங்கே காற்று ஒரு பக்கத்தால் நுழையுமேயன்றி மறுபக்கத்தால் வெளியேற வழியில்லை.

ஆசிரியர் தம்மோடு ஓர் அளவுநாடா கொண்டுவந்திருந்தார். லாயத்தில் ஒரு குதிரையின் அறை 12 அடிக்கு 12 அடி. அதாவது 144 சதுர அடி. ஆங்கிலேயர் தங்கள் நாட்டிலும் ஒரு குதிரை கட்டின்றி நிற்பதற்குக் கொடுத்த வழமையான அளவு அதுதான். லயத்தில் ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதாவது 120 சதுர அடி. மலைநாடெங்கும் பரவலாகக் காணப்பட்ட அளவு இது. குதிரைக்குக் கொடுத்ததைவிட ஒரு குடும்பத்துக்கு 24 சதுர அடி குறைவு. நான் சேர்த்த துணைக்கால் லயத்தவர்களைத் தாழ்த்திவிட்டதாக அதுவரை எண்ணி வருந்தியிருந்தேன். உண்மையில் அது அவர்களை ஒருபடி உயர்த்தியிருந்தது.

இதற்குக் கொடுமை என்ற ஒரு சொல்லால் விளக்கம் கொடுத்து நகர்ந்துவிடலாம். ஆனால் அதன் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. காற்றோட்டமில்லாத இடத்தில் குதிரை நோயுற்று இறக்கும் என்பதைப் பிரித்தானியக் குதிரைப்படையினர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிந்திருந்தார்கள். எட்வர்ட் கோல்மன் என்ற கால்நடை மருத்துவர் படையின் லாயங்களுக்குக் காற்றுத் துவாரங்கள் வேண்டுமென்று வற்புறுத்தினார். குதிரை பணம் கொடுத்து வாங்கியது. அது இறந்தால் நட்டம் சொந்தக்காரனுக்கு. தொழிலாளியோ கங்காணி கொடுத்த முற்பணத்தில் வந்தவர். கடன் தொழிலாளியின் தலையில் இருந்தது. 1921இல் ஒழிக்கப்படும் வரை "துண்டு" என்ற கடன் சீட்டோடுதான் அவர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினார். ஆகவே லாயத்தின் கூரை உயர்ந்ததற்கும் லயத்தின் கூரை தாழ்ந்ததற்கும் காரணம் கணக்கேட்டில் இருந்தது.

லயம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்து "லைன்" என்பதே தோட்டத் தமிழில் லயன், லயம் என்று ஆனது. லைன் என்பது இராணுவத்தார் வழக்கு. படைவீரர் கொட்டகைகளையும் குதிரைகளையும் வரிசையாக நிறுத்தும் இடம் அது. இந்திய நகரங்களில் இன்றும் சிவில் லைன்ஸ், பொலிஸ் லைன்ஸ் என்ற பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டு நகரங்களில் வரிசையாக வாடகைக்கு விடும் அறைகளை லைன் வீடு என்பார்கள். மாத்தளையிலேயே 1803இல் ஆங்கிலேயர் மக்டவல் கோட்டையைக் கட்டிப் படை வைத்திருந்தார்கள். பின்னாளில் கோப்பித் தோட்டம் திறந்தவர்களிலும் படை அதிகாரிகள் பலர் இருந்தனர். கூலியாட்களுக்கு இருப்பிடம் வேண்டுமென்றபோது அவர்கள் கைக்கு எட்டிய வரைபடம் அந்த வரிசைதான்.

வரிசைக்கும் லாயத்துக்கும் உள்ள உறவு தமிழுக்கும் புதிதன்று. "பந்தி" என்றால் நாம் விருந்தினர் வரிசையை நினைக்கிறோம். பழைய நூல்களில் குதிரைகள் கட்டும் இடத்துக்கும் அதுவே பெயர். மாணிக்கவாசகர் கதையில் நரிகள் பரிகளாக வந்து நின்றதும், இரவில் மீண்டும் நரிகளாகிக் கலைந்ததும் பாண்டியனின் குதிரைப் பந்தியில்தான். விலங்குகளை ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டுவது எங்கும் உள்ள முறை. ஹம்பியில் பதினொரு குவிமாடக் கூடங்களாக நிற்கும் யானைக் கொட்டிலைப் பார்த்தவர்கள் அதை அறிவார்கள். மனிதரையும் அவ்வாறு தலைமுறை தலைமுறையாக வைப்பதுதான் வழக்கத்துக்கு மாறானது.

அது நிகழ்ந்த விதத்தை மாத்தளை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. தமிழ்நாட்டிலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடுகளூடாக நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மலையடிவாரத்தை அடைந்த இடம் மாத்தளை. வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இறந்தவர்கள் ஏராளம். உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் வழிபாட்டோடுதான் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் தொடக்கத்தைப் பலர் இணைத்துப் பேசுகிறார்கள். ஆனால் கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் சில மாதங்களுக்கு ஆட்கள் வந்தார்கள். முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். அந்தச் சில மாதங்களுக்கென்று மண்ணும் வரிச்சும் வைத்து, புல் வேய்ந்து எழுப்பிய கொட்டகைகளே முதல் லயங்கள்.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் நோய் கண்டது. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது, அது சுமக்க வேண்டிய கோப்பியே அழிந்துகொண்டிருந்தது. அடுத்து வந்த தேயிலைக்குப் பருவமில்லை. வாரந்தோறும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் தோட்டத்திலேயே நிலைத்தன. வேலை நிரந்தரமாயிற்று. ஆட்கள் நிரந்தரமானார்கள். கட்டடத்தின் வரைபடம் மட்டும் அந்தப் பருவகாலக் கொட்டகையாகவே நின்றுவிட்டது. மண்சுவர் கல்லாயிற்று, புல் தகரமாயிற்று, உள்ளளவு மாறவில்லை. 1912இல் தோட்டத் தொழிலாளர் மருத்துவம் தொடர்பாக வந்த சட்டங்களின் பின் சுகாதாரக் கண்காணிப்பு கூடியது. எனினும் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்ற கணக்கை அவை உடைக்கவில்லை.

தொண்ணூறுகளில் லண்டன் சென்றிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைக் கென்சிங்டன் பகுதியில் ஒரு சந்துக்குள் அழைத்துச் சென்றார். கல் பாவிய குறுகிய தெரு. இருபுறமும் பூந்தொட்டிகளும் வண்ணக் கதவுகளுமாகச் சிறிய இரண்டு மாடி வீடுகள். "இது மியூஸ். முன்னாளில் எல்லாம் குதிரை லாயம். இன்று கோடீசுவரர்களுக்குத்தான் கட்டுபடியாகும்" என்றார். பெரிய மாளிகைகளின் பின்புறத்தில், கீழே குதிரையும் வண்டியும், மேலே வைக்கோலும் குதிரைக்காரரின் குடும்பமும் இருப்பதற்கென்று கட்டப்பட்டவை அவை. எசமானின் தோட்டத்தைக் குதிரைக்காரர் எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்காகப் பல மியூஸ்களின் பின்சுவரில் யன்னல் வைக்கவில்லை என்றும் சொன்னார். எனக்கு இரத்தோட்டை நினைவு வந்தது.

மியூஸ் என்ற சொல்லின் கதையும் சுவையானது. இறகு உதிர்க்கும் காலத்தில் அரசரின் வேட்டைப் பருந்துகளை அடைத்துவைத்த கூடங்களுக்கே முதலில் அந்தப் பெயர். லண்டன் சேரிங் குறொஸில் இருந்த அந்தக் கூடங்கள் 1534இல் தீக்கிரையாயின. திரும்பக் கட்டியபோது அங்கே குதிரைகளைக் கட்டினார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பருந்திலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மோட்டார் காருக்கும், காரிலிருந்து மனிதருக்குமாக அந்தக் கட்டடங்கள் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வாசல் அகன்றது, யன்னல் திறந்தது, வைக்கோற் பரண் படுக்கையறையாயிற்று. கொழும்பிலும் பார்க் வீதியில் பழைய கிடங்குகளைத் திருத்தி உணவகங்கள் ஆக்கி, அந்த இடத்துக்கு மியூஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

லண்டன் தீயிலிருந்து பாடம் படித்தது என்பதையும் சொல்லவேண்டும். 1666இல் நகரமே எரிந்த பின், வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டவேண்டும், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் தீயைத் தடுக்கும் பொதுச்சுவர் வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குப் போகாதிருக்க வேண்டுமானால் நடுச்சுவர் கூரையைத் தொட வேண்டும். லயத்தில் அது தொடுவதில்லை. நான் துணைக்கால் சேர்த்த அந்தச் செய்தியில் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே இரவில் வீடிழந்ததற்குக் காரணம் அதுதான். அதற்குப் பிறகும் லயத் தீ பற்றிய செய்திகளை நான் எத்தனையோ முறை பக்கத்தில் வைத்திருக்கிறேன். மின்கசிவு என்று எழுதுவோம். தீ அங்கே தொடங்கியிருக்கலாம், அதைப் பரப்பியது கட்டட அமைப்பு என்று எழுதியதில்லை.

அப்படியானால் லயத்தார் தங்கள் லயத்தைத் திருத்திக்கொள்ள முயலவில்லையா? நிச்சயமாக முயன்றார்கள். மகனுக்குக் கலியாணமானால் இஸ்தோப்பை மறித்து ஓர் அறை எடுத்தார்கள். சாக்குப் படங்கை அகற்றிப் பலகை அடித்தார்கள். பின்சுவரைத் துளைத்து யன்னல் வைத்தார்கள். சமையலை வெளியே தள்ளி ஒரு சார்ப்பு இறக்கினார்கள். ஆனால் இதற்கெல்லாம் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிக் கட்டியது இடிக்கப்படலாம். வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அந்த வீட்டுக்குத் தெருப்பெயரோ இலக்கமோ இல்லை. கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து எப்போதாவது கைக்கு வரும்.

மேலே இருந்த உரிமையாளர்கள் மாறிக்கொண்டேயிருந்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் லயத்தாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. 1977லும் 1983லும் வன்செயலுக்கு அஞ்சி லயங்களை விட்டு ஓடியவர்களில் பலர் வன்னியில் காடு வெட்டி மண்வீடு கட்டினார்கள். அவர்களுள் ஒரு முதியவர் பின்னாளில் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "மண்ணு வீடுதாங்க. ஆனா ஆணி அடிக்க யாரையும் கேக்க வேணாம்."

அந்த ஒரு வசனத்துக்குள்தான் மியூஸுக்கும் லயத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இருக்கிறது. வடிவத்தில் இரண்டும் ஒரே குடும்பம். ஒடுக்கமும் ஒரே மாதிரியானதுதான். மியூஸ் மாறியதற்குக் காரணம் அதில் குடியேறியவர்கள் அதை விலைக்கோ நீண்ட குத்தகைக்கோ எடுத்துத் தங்கள் விருப்பப்படி உடைத்துக் கட்ட முடிந்தது. லயம் மாறாததற்குக் காரணம் அதில் இருந்தவர்களிடம் உறுதி இல்லை.

மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்றபோது நானும் போயிருந்தேன். பாட்டன் பூட்டன் நடந்த வழியில் இளைஞர்களும் பெண்களும் நடந்து வந்திருந்தார்கள். மறுநாள் இரத்தோட்டைக்கு மேலே ஏறினேன். ஆசிரியர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மாணவர் ஒருவர் கூட வந்தார்.

பங்களா இப்போது உல்லாசப் பயணிகளின் விடுதி. பின்னாலிருந்த லாயத்துக்கு ஓடு மாற்றி, கருங்கல்லைத் துலக்கி, அந்த அரைக்கதவுகளுக்கு எண்ணெய் பூசி விருந்தினர் அறைகளாக்கியிருக்கிறார்கள். அழகாகவே செய்திருக்கிறார்கள். குதிரை, கார், சாரதி குடும்பம், இப்போது பயணிகள் என்று அந்தக் கட்டடம் நான்காவது வாழ்க்கை வாழ்கிறது. கீழே, அன்று எரிந்த லயத்தின் அதே சுவர்களின் மேல் இன்னொரு தகரம். சில வாசல்களில் மாபிள் பதித்திருந்தார்கள், பல கூரைகளில் தொலைக்காட்சிக் கிண்ணங்கள் இருந்தன. நடுச்சுவர்கள் இன்னும் கூரையைத் தொடவில்லை.

மாற்றம் அறவே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். இந்திய உதவியில் 4,000 தனிவீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச் காணியும் அதற்கு உறுதியும், சுமார் 550 சதுர அடியில் ஒரு வீடும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்றும் லயங்களில்தான் இருக்கின்றன. வீடு கிடைத்தவர்களிலும் உறுதி கைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். வீட்டுத் திட்டங்களைப் பற்றி எழுதும் இளம் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எத்தனை வீடு கட்டினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை உறுதி கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

ஆசிரியரின் அஞ்சலட்டை இன்றும் என்னிடம் இருக்கிறது. திருத்தம் வெளியிட வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தார். பார்த்துவிட்டு எது எதுவென்று எழுதும்படியும் கேட்டிருந்தார். அவர் இருந்தபோது அதை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.